எலாதியோவுக்கு ஒரு தட்டு

எர்லிந்தா பள்ளிக்கூடத்துப் பக்கம் தலைகாட்ட மாட்டாள் என்பது இந்தப் பள்ளத்தாக்கில் எல்லோருக்கும் தெரிந்த விஷயம். ஆப்பிள் தரம் பிரிக்கும் கொட்டகையில் என் பக்கத்தில் நின்று வேலை பார்க்கிறவள். அவள் மகள் யரேலிக்கு ஞானஸ்நானத்தில் ஞானத்தாயாக நின்றவள் நான். அந்த உறவில் நாங்கள் ஒருவரையொருவர் ‘கொமாத்ரே’ என்றுதான் கூப்பிட்டுக்கொள்வோம்.

மகளின் படிப்பில் அக்கறையில்லாத தாய் என்று பள்ளியில் அவளுக்குப் பெயர் வைத்துவிட்டார்கள். கேட்கும்போதெல்லாம் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். எல்லைக்கு அந்தப் பக்கம் எங்கள் சொந்த மாநிலமான மிச்சோவகானில் பெற்றோரைப் பள்ளிக்கு வரச்சொன்னால் பிள்ளை ஏதோ வம்பு செய்திருக்கிறது என்று பொருள். மற்ற நாளில் வகுப்பை எட்டிப் பார்ப்பது ஆசிரியரை நம்பவில்லை என்று முகத்துக்கு நேரே சொல்வது மாதிரி. போகாமல் இருப்பதுதான் மரியாதை. பெற்றோர் கூட்டத்தில் எழுந்து இதைச் சொன்னேன். நன்றாகத் தலையாட்டினார்கள், அடுத்த கூட்டத்தில் பழைய பல்லவியையே பாடினார்கள்.

பள்ளி வாசலில் காவலுக்குச் சீருடைக்காரர் ஒருவர் நிற்பதும் அவள் போகாததற்கு ஒரு காரணம். எர்லிந்தா சீருடையைக் கண்டாலே எல்லைக் காவலர் என்று ஒதுங்கிப் போவாள். மூத்த மகன் எலாதியோ பாலைவனம் வழியாக எல்லை தாண்டி அம்மாவிடம் வந்து சேரக் கிளம்பியவன். “அம்மா, நாளைக்கு நடக்க ஆரம்பிக்கிறோம். எனக்கு மோலே குழம்பு செஞ்சு வை” என்று எல்லை ஊரிலிருந்து போனில் சொன்னான். அதுதான் கடைசிப் பேச்சு. தேடப் போனவர்களுக்கு ஆளும் கிடைக்கவில்லை, உடலும் கிடைக்கவில்லை.

நவம்பரில், இறந்தவர்கள் வீடு திரும்புவதாக நாங்கள் நம்பும் நாளில் அவள் தன் பெற்றோருக்கும் புருஷனுக்கும் படையல் வைப்பாள். மகனுக்கு வைக்க மாட்டாள். ஒருநாள் கொட்டகையில், கை ஆப்பிளைப் புரட்டிக்கொண்டிருக்கும்போதே பேசினாள்.

“உசுரோட இருக்கிறவன் படத்தப் படையல்ல வெச்சா, பெத்தவளே அவன அனுப்பி வெச்ச மாதிரி ஆயிரும் கொமாத்ரே.”

“அப்ப வெக்காதீங்க.”

“போயிருந்தான்னா? வருஷா வருஷம் வந்து, எல்லாருக்கும் தட்டு இருக்கு, நமக்கு மட்டும் இல்லன்னு பாத்துட்டுப் பசியோட திரும்பிப் போறானோ என்னமோ.”

அந்த வருடம் முழுக்க அவளுக்கு வெளிக்கதவின் தாழ் அசையும் சத்தம் கேட்டுக்கொண்டே இருந்தது. காற்றுதான் என்று நான் சொல்வேன். ஒருமுறை அவள் வீட்டில் உட்கார்ந்திருந்தபோது எனக்கும் கேட்டது. காற்று துளிக்கூட இல்லை. நான் அதை அவளிடம் சொல்லவில்லை.

யரேலியின் ஆசிரியை மிஸ் டால்டன் நல்ல பெண். எங்கள் பாஷையைப் புத்தகத்தில் படித்தவள். பெற்றோரைப் பள்ளிக்கு வரவைக்க வேண்டும் என்று அந்த நவம்பரில் கூடத்தில் படையலும் சாப்பாடும் ஏற்பாடு செய்தாள். எர்லிந்தாவை எப்படியாவது கூட்டிவரும் பொறுப்பு என் தலையில் விழுந்தது.

“நான் வந்து என்ன பண்ணப்போறேன்? டீச்சருக்குப் பாடம் எடுக்கவா?”

“மோலே செஞ்சு எடுத்துட்டு வாங்க. போன வருஷ ஸ்கூல் விருந்துல டீச்சரம்மா செஞ்சத நாய்கூட மோந்து பாத்துட்டுப் போயிருச்சு.”

சிரித்துவிட்டாள். சிரித்தால் வருவாள் என்று எனக்குத் தெரியும்.

மோலே குழம்புப் பானையைத் துணியில் சுற்றிக்கொண்டு வந்தாள். சீருடைக்காரர் கதவைத் திறந்து பிடித்தார். கூடத்தில் துலுக்கச் சாமந்தி குவிந்து கிடந்தது. மெழுகுவர்த்திகளுக்குப் பின்னால் படங்களில் யார் யாருடைய தாத்தாக்களோ, அத்தைகளோ, ஒரு நாய்கூட. நடுவில் எலாதியோ கால்பந்துச் சட்டையோடு சிரித்துக்கொண்டிருந்தான்.

எர்லிந்தா பானையை மெதுவாகத் தரையில் வைத்தாள். யரேலி ஓடி வந்தாள்.

“அம்மா, அண்ணன பாத்தியா? நான்தான் நடுவுல வெச்சேன்.”

“யாருடி வெக்கச் சொன்னா?”

“டீச்சர்தான். யார நினைச்சு ஏங்குறீங்களோ அவங்க படம் கொண்டாங்கன்னாங்க. நாம அண்ணன நினைச்சுத்தானம்மா ஏங்குறோம்?”

குழந்தைகளிடம் ‘செத்தவர்கள்’ என்று சொல்ல மனம் வராமல் ஆசிரியை தேடிப் பிடித்த வார்த்தை அது. பிள்ளை மேல் என்ன தப்பு? அந்த நேரம் பார்த்து மிஸ் டால்டன் வந்து எர்லிந்தாவின் கையைப் பிடித்துக்கொண்டாள். “உங்கள் மகனின் மறைவுக்கு மிகவும் வருந்துகிறேன்” என்றாள், புத்தக பாஷையில். அவள் வாயைப் பொத்த வேண்டும் போல இருந்தது எனக்கு.

எர்லிந்தா படத்தை எடுத்து மார்போடு வைத்துக்கொண்டாள். அதன் முன்னாலிருந்த மெழுகுவர்த்தியை ஊதி அணைக்கக் குனிந்தாள். மூச்சை இழுத்தவள் அப்படியே நின்றுவிட்டாள். அணைத்துவிட்டால், ஒருவேளை அவன் இருட்டில் வந்துகொண்டிருந்தால்? ஊதாமலே நிமிர்ந்தாள். படம் இல்லாத வெற்றிடத்தின் முன்னால் அந்தச் சுடர் எரிந்துகொண்டிருந்தது. அதைப் பார்க்க எனக்குப் பயமாக இருந்தது.

பானையைத் தூக்கிக்கொண்டு சாப்பாட்டு மேசைக்குப் போய்ச் சின்னப் பிள்ளைகளின் நாற்காலியில் உட்கார்ந்தாள். பக்கத்து நாற்காலியின் முன்னால் இன்னொரு தட்டை வைத்து, சோறு போட்டு, மோலே ஊற்றினாள். கையில் தட்டோடு இடம் தேடிக்கொண்டிருந்த ஒருவர் கேட்டார்.

“இங்க யாராவது வராங்களாம்மா?”

“என் மவன் வருவான்.”

“எங்கேருந்து வரான்?”

“அதுதான் தெரியல. எங்கேருந்து வந்தாலும் பசியோடதான் வருவான்.”

அவர் தொப்பியைக் கழற்றிக்கொண்டு வேறு மேசைக்குப் போனார்.

அதற்குப் பிறகு எர்லிந்தா எந்தக் கூட்டத்தையும் விட்டதில்லை. வாசிப்பு நாள், கணக்கு நாள், எதுவானாலும் முதல் வரிசை. அக்கறையுள்ள தாய் என்று பள்ளியில் இப்போது அவளைத்தான் உதாரணம் காட்டுகிறார்கள். மிஸ் டால்டன் எதுவும் கேட்காமல் அவளுக்கு இரண்டு நாற்காலி போட்டு வைக்கிறாள். சாப்பாடு இருக்கும் நாளில் இரண்டு தட்டு.

கூடத்துக் கதவு சில சமயம் தானாகத் திறந்துகொள்ளும். எர்லிந்தா திரும்பிப் பார்ப்பதில்லை. பக்கத்துத் தட்டை மட்டும் அந்த நாற்காலிக்குக் கொஞ்சம் அருகில் நகர்த்தி வைப்பாள்.