மூலை மடித்த அட்டை

எங்கள் சபையில் புத்தாண்டு ஆராதனை முடிந்ததும் வாக்குத்தத்த அட்டைகளைத் தட்டில் கவிழ்த்து வைப்போம். ஆளுக்கு ஒன்று எடுக்க வேண்டும். கைக்கு வரும் வசனம்தான் அந்த வருஷத்துக்கு ஆண்டவர் நம்மிடம் பேசியது. பார்த்து எடுக்கக் கூடாது, மாற்றவும் கூடாது.

பெண்கள் சங்கத்தின் செயலாளர் நான். தட்டை அடுக்குவதும் நான்தான். போன வருஷம், உலகத்துக்கு வெளிச்சமாக இருக்கச் சொல்லும் வசனத்தை எனக்கென்று மூலை மடித்து வைத்தேன். வெட்கமாகத்தான் இருந்தது. ஆனால் அது என் கொழுந்தன் மனைவிக்குப் போய்விடக் கூடாதே என்ற பதைப்பு அதைவிடப் பெரிதாக இருந்தது.

அவள் புதூர்ப் பக்கம் ஆடு மேய்த்த வீட்டுப் பெண். பள்ளிக்கூட வாசலை மிதிக்காதவள். ஞானஸ்நானம் எடுத்து ஐந்து வருஷம்தான் ஆகிறது. நானோ நாலு தலைமுறைக் கிறிஸ்தவள். வேதாகமத் தேர்வில் வாங்கிய பரிசுகளே ஒரு அலமாரி இருக்கும். ஆனால் ஒரு ஜெபம் என்றால் கோவில்பட்டியில் எங்கள் தெருவே அவளைத்தான் தேடும், போதகர் உட்பட. எனக்கு வயிறு எரியும்.

வரிசையில் எனக்கு முன்னால் நின்றாள். அத்தனை அட்டை இருக்க, அவள் விரல் அந்த மடித்த மூலையில் போய் விழுந்தது.

எனக்கு வந்தது நோயாளிகளை விசாரிக்கச் சொல்லும் வசனம். வெளியே வந்ததும் அவள் தன் அட்டையை நீட்டினாள்.

"வாசிச்சுச் சொல்லுங்கக்கா."

வாங்கினேன். என்னுடையதை வாசித்தேன். என்னுடையதையே அவள் கையில் கொடுத்தேன்.

"சீக்காளிகளப் போயிப் பாக்கணுமாக்கும்" என்று தலையாட்டிக்கொண்டே போனாள்.

வெளிச்ச அட்டையை அடுப்படி அலமாரியில் ஒட்டினேன். வருகிறவர்களுக்கெல்லாம் காட்டினேன். அதற்குமேல் அதை வைத்து என்ன செய்வதென்று எனக்குத் தெரியவில்லை.

ஐப்பசியில் சிக்குன்குனியா வந்து மூட்டெல்லாம் பிடித்துப் படுத்துவிட்டேன். அவள்தான் தினமும் கஞ்சியோடு வந்தாள், காலில் கரிசல் சகதியோடு. ஒரு நாள் டம்ளர் எடுக்கப் போனவள் அட்டையைப் பார்த்து நின்றாள். மடித்த மூலையை விரலால் தடவினாள்.

"அது உனக்கு வந்தது. நான்தான் மாத்திட்டேன்" என்றேன்.

"தெரியும்க்கா. வீட்டுக்குப் போயிப் பாத்தா மூல மடங்காம இருந்துச்சு. வாசிக்கத் தெரியாட்டி மடிப்புகூடவா தெரியாது?" என்று சிரித்தாள்.

"பொறவு ஏன் கேக்கல?"

"ஆண்டவர் உங்க கையால தந்தாருன்னு நெனச்சுக்கிட்டேன். கஞ்சி ஆறுது, குடிங்க. அடுத்த தெருவுல இன்னும் ஒருத்தி படுத்திருக்கா."

தூக்குவாளியை எடுத்துக்கொண்டு போனாள். படுத்தபடியே பார்த்துக்கொண்டிருந்தேன். என் பொறாமை போகவில்லை. ஆனால் இப்போது அது, நானே அவள் கையில் தள்ளிவிட்ட அந்த அட்டையின் மேல். அந்த வருஷம் ஆண்டவர் என்னிடம் பேசியது அதில்தான் இருந்தது.