பாதி வரிக் குடும்பம்

பெரிய பணக்காரர்களுக்கு வரியைக் குறைத்துவிட்டார்கள் என்று காலையில் பேப்பரைப் பார்த்து என் கணவர் திட்டாத நாளில்லை. இல்லாதவன் தீப்பெட்டிக்குக்கூட வரி கட்டுகிறான், இவர்களுக்கு என்ன கேடு என்பார். எனக்குச் சிரிப்பு வரும். ஸ்ரீவைகுண்டம் அணைக்கட்டுத் தண்ணீர் பாயும் எங்கள் ஊரில், அசன வரியில் பாதி மட்டும் கட்டிவந்த நான்கு குடும்பங்களில் எங்களுடையதும் ஒன்று.

அசனம் என்பது எங்கள் வேதக்கோயிலில், அதாவது சர்ச்சில், வருஷத்துக்கு ஒருமுறை ஊரே சேர்ந்து ஆக்கி, ஊரே உட்கார்ந்து சாப்பிடும் விருந்து. கிடா வெட்டி, அண்டா அண்டாவாகச் சோறு வடிப்போம். அதற்கு வீட்டுக்கு வீடு ஒரே வரி. எங்கள் நான்கு வீடுகளுக்கு மட்டும் பாதி, ஏனென்றால் எங்கள் முன்னோர்கள் கோயிலுக்கு மணி வாங்கிக் கொடுத்தார்களாம். அந்த மணி விரிசல் விட்டு எடைக்குப் போய் எத்தனையோ வருஷமாகிறது. இப்போது ஒலிபெருக்கியில்தான் மணியடிக்கிறது. சலுகைக்கு மட்டும் விரிசலே விழவில்லை. நான் டீச்சர், என் வாய் சும்மா இருக்காது. ஆனால் இந்த விஷயத்தில் சும்மாதான் இருந்தேன். லாபம் எங்களுக்கல்லவா?

எங்கள் வாழைத் தோட்டத்தில் களையெடுக்கும் அக்கா ஒருவர். கணவர் இல்லை, இரண்டு பெண் பிள்ளைகள். இரண்டு வருஷமாக அவரை அசனப் பந்தியில் காணவில்லை. இந்த வருஷம் அசனம் நெருங்கியபோது, இந்தத் தடவையாவது வாங்கக்கா என்று கூப்பிட்டேன். அவர் கை வேலையை நிறுத்தவில்லை.

“வரி குடுக்காம கை நனைக்க மனசு வரல டீச்சர். கொழம்பு வாசம் எங்க வீடு வரைக்கும் வரும். பிள்ளைகளுக்காக அன்னைக்குக் கதவச் சாத்திருவேன்.”

எங்களைப் பற்றி ஒரு வார்த்தை குறை சொல்லவில்லை. அதுதான் சுருக்கென்று தைத்தது. கூலி கொடுக்கும் நாங்கள் பாதி, கூலி வாங்கும் அவர் முழுசு. எனக்கு என் மேலேயே ஆத்திரமாக வந்தது.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து சபைக் கூட்டம். எங்கள் சலுகையை எடுத்துவிட்டு இல்லாதவர்களுக்குக் குறையுங்கள் என்று எழுந்து சொன்னேன். அது பெரியவங்க வைத்த முறை என்று கமிட்டிப் பெரியவர் ஒருவர் இழுத்தார்.

“மணிய எடைக்குப் போட்டாச்சு அண்ணாச்சி. சலுகைய மட்டும் எதுக்கு இன்னும் தொங்க விட்டிருக்கோம்?”

பெண்கள் பக்கம் கிளம்பிய சிரிப்பு ஆண்கள் பக்கமும் பரவியது. போதகர் வேதப்புத்தகத்தால் முகத்தை மறைத்துக்கொண்டார். சிரிப்போடு சிரிப்பாக, நிலமும் சம்பளமும் உள்ளவர்கள் அதற்குத் தக்கபடி, கூலி வேலை செய்கிறவர்கள் அரை நாள் கூலி என்று முடிவாயிற்று.

“ஏட்டி, ஒனக்கென்ன கோட்டியா பிடிச்சிருக்கு?” என்றார் கணவர், வீட்டுக்கு வந்ததும். நான் அன்றைய பேப்பரை எடுத்து அவர் முன்னால் வைத்தேன். மூன்று நாள் அவர் பேப்பரைப் பிரிக்கவேயில்லை. நான்காம் நாள், பாதி வரிக்காரர்களில் இன்னொருவர் வரியோடு ஒரு கிடாவும் தருகிறார் என்று கேள்விப்பட்டு, இவர் போய் இரண்டு கிடா சொல்லிவிட்டு வந்தார். குறைத்துக் கட்டுவதில் இருந்த கௌரவம் கூட்டிக் கொடுப்பதற்கு மாறிவிட்டது. எப்படியோ, நல்லதுதான்.

அசனத்தன்று அவர் கறி வாளியோடு முன்னால் போக, நான் சோற்றுக் கூடையோடு பின்னால் நின்றேன். முதல் பந்தியிலேயே அக்கா பிள்ளைகளோடு உட்கார்ந்திருந்தார். எனக்கு அப்படியொரு சந்தோஷம். தோட்டத்தில் என் கணவரைக் கண்டால் தலையைக் குனிந்துகொண்டு மொதலாளி என்று மட்டும் சொல்லுகிறவர் அவர். இவர் அவசரத்தில் அக்கா இலையில் இரண்டு எலும்பைப் போட்டுவிட்டு நகர்ந்தார்.

“அண்ணாச்சி, நில்லுங்க. எலும்பாப் பாத்துப் போடுதிய. நானும் வரி குடுத்திருக்கேம்லா.”

இவர் திரும்பி வந்து, வாளியை இறக்கி வைத்து, அடிவரை துழாவி நல்ல கறியாக அள்ளிப் போட்டார். பிள்ளைகளின் இலையிலும் போட்டார்.

“போதுமா தங்கச்சி?”

அக்கா நிமிர்ந்து அவர் முகத்தைப் பார்த்தார்.

“இன்னுங் கொஞ்சம் வைங்க” என்றார்.