ஓராளுக்கு இடம் விட்டு எடுத்த படம்

ஊரே அரிசிக்கும் மண்ணெண்ணெய்க்கும் வரிசையில் நின்ற காலத்தில், நான் இருபத்தெட்டு மில்லிமீட்டர் லென்ஸா முப்பத்தைந்து மில்லிமீட்டர் லென்ஸா என்று நித்திரை இல்லாமல் புரண்டுகொண்டிருந்தேன். இதைச் சொல்ல இன்றைக்கும் வெட்கமாகத்தான் இருக்கிறது. மட்டக்களப்பிலிருந்து வந்தவன் என்று தெரிந்தால், கேட்பவர்கள் குரலைத் தாழ்த்திக்கொண்டு "அந்த நாளில் எதற்கு மிகவும் பயந்தீர்கள்?" என்பார்கள். படத்தின் ஓரங்களில் கூர்மை குறைந்துவிடுமோ என்று பயந்தேன் என்று எப்படிச் சொல்வது?

என்னிடம் இருந்தது ரேஞ்ச்ஃபைண்டர் கமரா. அதில் லென்ஸ் வழியாகப் பார்க்க முடியாது. மேலே ஒரு மூலையில் உள்ள சின்னக் கண்ணாடி யன்னல் வழியாகத்தான் பார்க்க வேண்டும். லென்ஸ் என்ன காண்கிறது என்பது லென்ஸுக்கும் பிலிமுக்கும் இடையிலான சங்கதி. யன்னலின் நடுவே மங்கலாக ஒரு சதுரம் இருக்கும். அதற்குள் எதிரே நிற்பவர் இரண்டாகத் தெரிவார். ஒன்று ஆள், மற்றது அவருடைய ஆவி. லென்ஸின் வளையத்தைத் திருப்பத் திருப்ப ஆவி மெல்ல நகர்ந்து வந்து ஆளுக்குள் புகும். புகுந்த கணத்தில் சொடுக்க வேண்டும். நான் மனைவியை நிறுத்தி வைத்துப் பழகினேன்.

"அவ்வளவு நேரமா என்ன பாக்கிறீங்க?"

"உன்ட உசிர உடம்புக்க ஏத்திறன்."

"ஏத்தினது காணும், விடுங்க. சோறு அடிப்பிடிக்குது" என்று அவள் பாதி உயிரோடு போய்விட்டாள்.

இருந்த லென்ஸ் போதாமல் போனதற்குக் காரணம் ஒரு பிறந்தநாள். பக்கத்து வீட்டுப் பிள்ளை கேக் வெட்டும்போது, பொழுதுபடும் நேரம், நான் ஃப்ளாஷ் போட்டு ஒரு படம் எடுத்தேன். யன்னல்கள் எல்லாம் சாத்தித்தான் இருந்தன. ஆனால் ஓட்டு இடுக்குகள் வழியாக அந்த வெளிச்சம் வெளியே போயிருக்கிறது. வாவிக்கு அந்தப் பக்கம் இராணுவச் சென்றியில் காவல் நின்றவன் அதை வேறு வெளிச்சமாக எடுத்துக்கொண்டான். வேட்டுச் சத்தம் கேட்டதும் நாங்கள் எல்லோரும் தரையில் கிடந்தோம். மேசை மீது மெழுகுதிரிகள் மட்டும், ஊத ஆளில்லாமல், ஒவ்வொன்றாகத் தாமே அணைந்தன. அதன்பிறகு என் ஃப்ளாஷை எந்த வீட்டிலும் உள்ளே விடவில்லை. மின்சாரமோ விருந்தாளி மாதிரி எப்போதாவது வரும். ஆகவே எனக்குத் தேவைப்பட்டது விளக்கு வெளிச்சத்தையே அள்ளிக்கொள்ளும் வேகமான லென்ஸ். எங்கள் வீடுகளின் சின்ன அறைகளுக்குள் எல்லோரையும் அடக்க, அது அகன்றதாகவும் இருக்க வேண்டும். அப்படித்தான் மனைவியிடம் சொன்னேன். உண்மையில் அப்படி ஒரு லென்ஸ் மீது எனக்கு வெகுநாள் ஆசை. காரணம் இப்போதுதான் கிடைத்தது.

காத்தான்குடியில் துணிக்கடை வைத்திருந்த ஒரு நண்பரின் மச்சான் சவூதியிலிருந்து லீவில் வந்திருந்தார். இரண்டு லென்ஸ் கொண்டுவந்திருந்தார். அவர்களுடைய முஸ்லிம் ஊருக்கும் எங்கள் தமிழ் ஊருக்கும் அப்போது அவ்வளவு பேச்சுவார்த்தை கிடையாது. நண்பர் ஒரு பிஸ்கட் டின்னுக்குள் இரண்டையும் வைத்து, சாரத் துணியால் சுற்றி, பாதி வழியில் வந்து என்னிடம் தந்தார்.

"மாஸ்டர், ரெண்டையும் கொண்டுபோய்ப் பாருங்க. ஒண்ட வச்சிக்கிட்டு மத்தத்தத் தாங்க. மச்சான் வெள்ளிக்கிழமை ஜும்ஆ தொழுதுட்டு வெளிக்கிடுவாரு."

"ரெண்டுல எது நல்லம்?"

"எனக்கென்ன தெரியும்? ரெண்டும் கறுப்பாத்தான் இரிக்கி."

முப்பத்தைந்து அதிக வேகமானது. இருட்டில் பூனை மாதிரி பார்க்கும். இருபத்தெட்டு அதிக அகலம், ஆனால் வேகம் ஒரு படி குறைவு. போதாததற்கு, அந்த அகலத்தைக் கண்ணால் பார்ப்பதற்கென்று கமராவின் தலையில் பொருத்தும் தனிக் குட்டிக் கண்ணாடி சவூதியிலேயே தங்கிவிட்டது. அதாவது படத்தின் ஓரங்களில் என்ன விழும் என்பதை ஊகிக்கத்தான் முடியும். கொஞ்சமாவது புத்தி உள்ளவன் முப்பத்தைந்தைத்தான் எடுப்பான். நானும் எடுத்திருப்பேன், அக்கா வராமல் இருந்திருந்தால்.

அக்கா வீடு நாவற்குடாவில். அவளுக்கு மூன்று பிள்ளைகள். நடுவில் ஒரே மகன். முந்தின ஆண்டு இராணுவச் சுற்றிவளைப்பில் ஊர் ஆண்களை எல்லாம் வரிசையாக நடத்தியபோது, முகமூடி போட்டு ஆட்களைக் காட்டிக்கொடுக்கும் தலையாட்டி அவனுக்கு நேரே தலையை ஆட்டிவிட்டான். அன்று ஏற்றிப்போனார்கள். அதன்பிறகு தெற்கில் ஏதோ ஒரு முகாமில் கண்டதாக ஒருவர் சொன்னார். கண்டது அவனைத்தானா என்று கேட்டபோது அவரே சந்தேகப்பட்டார். அவ்வளவுதான் தகவல். இப்போது மூத்த மகள் லண்டனில் இருக்கும் புருஷனிடம் போகப் பயணம் சரிவந்திருந்தது. கையோடு கொண்டுபோகக் குடும்பப் படம் ஒன்று வேண்டும்.

"நாலு பேராயில்ல தம்பி, அஞ்சு பேரா வேணும்" என்றாள் அக்கா. "அவனுக்கு இடம் விட்டு எடு. ஸ்டூடியோவில ஒட்டலாம்."

அது அந்த நாளில் வழக்கமான வேலை. வெளிநாட்டில் இருப்பவர், இறந்தவர், இரண்டில் எது என்று தெரியாதவர் எல்லோரையும் அடையாள அட்டைப் படத்திலிருந்து கத்தரித்து, குடும்பப் படத்தில் விட்ட இடத்தில் ஒட்டி, அதை மறுபடி படம் பிடித்துத் தருவார்கள். எல்லோரும் பட்டுச்சேலையில் சிரிக்க, ஒருவர் மட்டும் பொலிசுக்கு முன்னால் நிற்பதுபோல் நேரே முறைத்துக்கொண்டு நிற்பார். அப்படிப்பட்ட படம் இல்லாத வீட்டை நான் எங்கள் பக்கத்தில் கண்டதில்லை.

அத்தானின் வயல் படுவான்கரையில். வாவியைத் தோணியில் கடந்து அவர் வீடு சேர்வதற்குள் பொழுது பட்டுவிடும். அவர் வந்து, குளித்து, யன்னல்களைச் சாத்தி, இரண்டு சிமினி விளக்கு ஏற்றி, எல்லோரும் வீட்டின் முன் அறையான சாலைக்குள் சுவரோரமாக நின்றார்கள். எதிர்ச் சுவரில் முதுகை ஒட்டிக்கொண்டு நான். கலண்டர் ஆணி பிடரியில் குத்தியது.

அக்கா தனக்கு இடப்பக்கம் இரண்டு கையாலும் ஒரு தோள் அகலத்தை அளந்து விட்டாள். "இன்னும் கொஞ்சம் தள்ளு மகள், தம்பிக்கு இடிக்கும்" என்றாள் மூத்தவளிடம். அவளும் தள்ளி நின்றாள். சின்னவள் நிமிர்ந்து அந்த வெற்றிடத்தைப் பார்த்து, "அண்ணன் கைய எங்க வைப்பாரு?" என்று கேட்டாள். யாரும் சிரிக்கவில்லை. அக்கா யோசித்துவிட்டு, "சும்மா தொங்கப் போடுவான். அவன் அப்பிடித்தான்" என்றாள்.

முதலில் முப்பத்தைந்தை மாட்டினேன். அத்தான் உள்ளே வந்தால் வெற்றிடம் வெளியே போகிறது; வெற்றிடம் உள்ளே வந்தால் அத்தான் வெளியே போகிறார். சொன்னேன்.

"அப்ப அத்தான விடு. அவர நாளைக்கும் பாக்கலாம்."

"ஓம், என்ன மறுகா ஒட்டுங்க" என்றார் அத்தான்.

இருபத்தெட்டை மாட்டினேன். என் ஊகப்படி எல்லோரும் அடங்கினார்கள், அவனும் அடங்கினான். நான் வாங்கப்போகும் லென்ஸை அந்த இடத்தில் இல்லாத ஒருவன் தீர்மானித்தான். வேகம் குறைந்ததால் வெளிச்சம் போதவில்லை. நான் சுவரை விட்டு முன்னே வர, மூத்தவள் ஒரு விளக்கை எடுத்துவந்து எனக்குப் பின்னால், மேசை மேல் வைத்துவிட்டுத் தன் இடத்துக்குப் போனாள். கண்ணாடி யன்னலுக்குள் சதுரத்தை அக்காவின் மூக்குத்தியில் வைத்தேன். இரண்டு மூக்குத்தி. வளையத்தைத் திருப்பி ஒன்றாக்கினேன். பிறகு ஏனோ, தேவையே இல்லாமல், சதுரத்தை அந்த வெற்றிடத்துக்கு நகர்த்திப் பார்த்தேன். வெறும் சுவர். ஆளில்லாத இடத்தில் ஆவியும் இல்லை. மூச்சைப் பிடித்துக்கொண்டு சில படங்கள் எடுத்தேன்.

முப்பத்தைந்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டேன். ரோலையும் மருமகனின் அடையாள அட்டைப் படத்தையும் டவுனில் உள்ள ஸ்டூடியோவில் கொடுத்தேன். மறுபடி போனபோது ஸ்டூடியோக்காரர் கத்தரிக்கோலைக் கையில் வைத்தபடி என்னை ஒரு மாதிரி பார்த்தார்.

"மாஸ்டர், இடம் விட்டு எடுத்த எண்டீங்க. இதுல ஒராளெல்லவா நிக்குது?"

வாங்கிப் பார்த்தேன். அக்காவுக்கும் மூத்தவளுக்கும் நடுவே சுவரில் ஒரு நிழல். தலை, கழுத்து, தோள், கீழே இறங்கும் கைகள். அக்கா அளந்துவிட்ட அகலத்துக்குள் ஒழுங்காக நின்றது. எடுத்த எல்லாப் படத்திலும் அதே இடம். இடையில் நான் இரண்டொரு தரம் நகர்ந்தேன் என்பது என் ஞாபகம். ஆனால் என் ஞாபகத்தை நானே அவ்வளவாக நம்புவதில்லை.

"இது என்ட நிழல்" என்றேன். "விளக்கு பின்னால இருந்த."

"இரிக்கும்" என்றார் அவர். ஆனால் ஒட்டிக்கொடுக்க மறுத்துவிட்டார். அடையாள அட்டைப் படத்தை உறையில் போட்டு என் சட்டைப் பையில் அவரே திணித்தார்.

அக்கா படத்தைக் கையில் வாங்கி விளக்கருகே கொண்டுபோனாள்.

"அக்கா, அது என்ட நிழல்."

"கமராவப் பிடிச்சா ரெண்டு முழங்கையும் மேலயெல்லவா இரிக்கும்" என்றாள் நிமிராமல். "இவன் கையத் தொங்கப் போட்டுக்கிட்டு நிக்கான்."

வீட்டுக்குப் போய் விளக்கைப் பின்னால் வைத்து, கமராவைக் கண்ணில் வைத்து, சுவரில் விழும் என் நிழலைப் பார்க்கச் சொன்னேன். "மாடு மாதிரி இரிக்கி. ரெண்டு கொம்போட" என்றாள் மனைவி. கமராவை இறக்கினேன். "இப்ப?" "இப்ப நீங்க மாதிரி இரிக்கி." இறக்கி வைத்துக்கொண்டு யாரும் படம் எடுப்பதில்லை. அன்று நான் விளக்கைச் சுற்றி எல்லா மூலையிலும் நின்று பார்த்தேன். ஒளியியல் பற்றிப் புத்தகங்கள் வாசித்தவன் நான். எல்லா மூலையிலும் கொம்பு இருந்தது.

அக்கா ஒட்ட வேண்டாம் என்றுவிட்டாள். "நிக்கிறவன மறைச்சுப் போடும்." மூத்தவள் ஒரு பிரதியை உடுப்புகளுக்கு நடுவில் வைத்துக் கட்டினாள். வழியனுப்பப் போன அன்று வாசல் படலையடியில் என்னைத் தனியாக இழுத்து, "மாமா, நிழல் விழுந்தா நல்லமா, கூடாதா?" என்று கேட்டாள். கேள்வி என்னவென்று எனக்கு விளங்கியது. தம்பி இருக்கிறானா இல்லையா என்பதை லென்ஸ் வாங்கியவனிடம் கேட்கிறாள். நான் வாயைத் திறக்குமுன் அக்கா பின்னாலிருந்து சொன்னாள்: "செத்தவங்களுக்கு நிழல் இல்ல. நீ சந்தோசமாப் போயிட்டு வா, மகள்."

அதன்பிறகு அந்த வீட்டுக்குப் போவது எனக்கு ஒரு மாதிரியாக இருந்தது. அத்தான் அந்தச் சுவரோரம் அடுக்கி வைக்கும் நெல் மூட்டைகளை மறுபக்கம் மாற்றியிருந்தார். சாப்பிட உட்காரும்போது அந்த இடத்தில் யாரும் முதுகு சாய்க்கவில்லை. சின்னவள் ஓடி வந்தால் அதைச் சுற்றிக்கொண்டு ஓடுவாள். பொழுதுபட்டு விளக்கு வைத்ததும் எல்லோருடைய கண்ணும் ஒருதரம் அந்தப் பக்கம் போய்வரும். என்னுடையதும். சுவரில் ஒன்றும் இருக்காது. ஒன்றும் இல்லை என்று உறுதிப்படுத்திக்கொண்ட பிறகுதான் பேச்சுத் தொடரும். நான் வேண்டுமென்றே அந்தச் சாலைக்குள் கமராவைத் திறக்கவில்லை. இன்னொரு தரம் எடுத்து அதில் நிழல் விழாமல் போனால், அதை அக்காவிடம் எப்படிக் கொடுப்பது?

அவன் ஒரு முற்பகல் வந்தான். முகாமிலிருந்து விட்டுவிட்டார்கள். கையில் ஒரு பொலித்தீன் பை, அதற்குள் மாற்றிக் கட்ட ஒரு சாரம். உடம்பில் பாதி இல்லை. செய்தி கேட்டு நான் சைக்கிளில் ஓடிப்போனபோது அக்கா அழுது முடித்திருந்தாள். அவன் வெறுந்தேத்தண்ணி குடித்துக்கொண்டிருந்தான். அவன் கோப்பையை வைக்கக்கூட விடாமல் அக்கா அந்தப் படத்தைக் கொண்டுவந்து கையில் கொடுத்தாள்.

"பார். நீ வந்து நிண்டனீ."

அத்தான் எழுந்து வந்தார். சின்னவள் என் கையைப் பிடித்துக்கொண்டாள். நானும் மூச்சை அடக்கிக்கொண்டுதான் நின்றேன். அவன் படத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். நிழலை விரலால் தடவினான்.

"இது நானில்லம்மா."

"நீதான்டா."

அவன் அம்மாவோடு வாதாடவில்லை. படலைப் பக்கம் திரும்பி, வீட்டைச் சுற்றியிருந்த வளவு நிறையக் கொட்டிக்கிடந்த வெயிலைக் கண்ணைச் சுருக்கிக்கொண்டு பார்த்தான். பிறகு என்னிடம் கேட்டான்.

"மாமா, இதுக்கெண்டா அம்மா சொன்ன அந்தப் புது லென்ஸ் வாங்கின?"

"ஓம் மகன். இருட்டுக்கெண்டே..."

"அப்பாவ ஒருநாள் வயலுக்குப் போகாம நிப்பாட்டி, வெளிய வளவுக்க வச்சு எடுத்திருந்தா, பழைய லென்ஸே போதுமே?"