பச்சை அட்டைப் புத்தகம்

"…மேல படகுல டியூப்பப் பிடிச்சிட்டு உக்காந்திருக்கவன் பொய் சொன்னா, கீழ முங்கிக் கிடக்கவன் என்னத்துக்கு ஆவான், அண்ணாச்சி?" என்று அந்த மாணவி கேட்டபோது அவள் கையில் ஒரு கோரிக்கைச் சீட்டு இருந்தது. நூலகத்தில் புத்தகம் கேட்டு எழுதிக் கொடுக்கும் மஞ்சள் துண்டுத்தாள். புத்தகத்தின் பெயர் அவள் எழுதியது. ஓரத்தில் 'பைண்டிங்' என்று கிறுக்கியது நான்.

கடற்கரையோரத் திரேஸ்புரத்துப் பிள்ளை. அப்பா இன்றைக்கும் கடலில் மூழ்கிச் சங்கு குளிக்கிறார். இவள் முத்துக்குளிப்பின் வரலாற்றை ஆராய எங்கள் பல்கலைக்கழகத்துக்கு வந்திருந்தாள். நான் அங்கே புத்தகம் எடுத்துக் கொடுக்கிற ஊழியன். படிப்பு பத்தாவதோடு சரி. ஆனால் இருபத்திரண்டு வருஷமாக அடுக்குகளுக்குள் நடந்து, பாதிப் புத்தகங்களை நின்றபடியே வாசித்தவன். எது எங்கே இருக்கிறதென்று கேட்டுப் பிள்ளைகள் என்னைச் சுற்றி நின்ற காலம் உண்டு. போன வருஷம் ஜன்னலோரக் கணினிகளில் ஏஐ உதவியாளர் வந்தது. கூட்டம் அங்கே நகர்ந்துவிட்டது. "அண்ணாச்சி டீ குடிக்கப் போயிருவாரு, இது போவாதுலா" என்றான் ஒருவன். "எத்தன தடவ கேட்டாலும் முறைக்காது" என்றாள் இன்னொருத்தி. "தெரியலன்னு ஒருநாளும் சொல்ல மாட்டேங்குதுலே, அதான் எனக்குப் பயமா இருக்கு" என்று மூலையில் ஒருவன் முனகியதை மட்டும் நான் ரசித்தேன். அது எனக்கும் பொருந்தும் என்று அப்போது உறைக்கவில்லை.

அந்த உதவியாளர் ஒரு பழைய நூலின் பெயரை, பக்க எண்ணோடு, அவளுக்குச் சொல்லியிருந்தது. சீட்டோடு என்னிடம் வந்தாள். இரண்டு நாள் ஏணி போட்டுத் தேடினேன். இல்லை. அப்படியொரு புத்தகமே உலகத்தில் இருக்காது என்று நான் நினைக்கவேயில்லை. கணினிக்குத் தெரிந்த புத்தகத்தை நான்தான் எங்கேயோ தொலைத்துவிட்டேன் என்று நினைத்தேன். "பைண்டிங்குக்குப் போயிருக்கும்மா, வர ஒரு மாசம் ஆவும்" என்றேன். "நீங்க பாத்திருக்கீங்களா?" என்றாள். "பாக்காமலா? பச்சை அட்டை. நல்ல தடியா இருக்கும்."

எங்கிருந்து வந்ததோ அந்தப் பச்சை!

என் சொல்லை நம்பி அடிக்குறிப்பில் அந்த நூலைச் சேர்த்துவிட்டாள். அவளுடைய நெறியாளர் எல்லா நூலகப் பட்டியலிலும் தேடிப் பார்த்து, இல்லாத நூல் என்று அத்தியாயத்தைத் திருப்பி அனுப்பினார். அவர் ஓய்வு பெறப் பதினோரு நாள் இருந்தது. அதற்குள் திருத்தி ஒப்புதல் வாங்காவிட்டால் வேறு நெறியாளரைத் தேடி முதலிலிருந்து தொடங்க வேண்டும்.

அந்தப் பழைய சீட்டோடு அவள் மறுபடி என் முன்னால் வந்து நின்ற அன்று காலையில்தான் நூலகர் என்னிடம் ஒரு கட்டுப் படிவம் தந்திருந்தார். ஏஐ உதவியாளரைப் பற்றி மாணவர்களின் கருத்து. நடந்ததை அவள் சொல்லி முடித்ததும் அவளிடமும் ஒன்றை நீட்டினேன். "மெஷினுக்கு மட்டுந்தானா? ஒங்களுக்கு ஒரு பாரம் அடிக்கலையா?" என்றாள். பிறகுதான் அந்த டியூப் கதை. அவள் அப்பா கடலுக்கடியில் மூச்சு விடுவது அந்தக் குழாய் வழியாக. மேலே படகில் அதைப் பார்த்துக்கொள்வது அவள் மாமா. "மெஷினுக்கு ஒண்ணும் தெரியாது, சொல்லிட்டுது. ஒங்களுக்குத் தெரியும்லா?" என்றாள்.

பதினோரு நாள் போதவில்லை. புது நெறியாளரிடம் இன்னும் எழுதிக்கொண்டிருக்கிறாள். இப்போது யார் வந்து கேட்டாலும், 'இல்லை' என்று சொல்வதற்கு முன்னால் என் நாக்கு ஒரு கணம் பைண்டிங் பக்கம் போய்விட்டுத்தான் வருகிறது. சாப்பிடும்போதுகூட அந்தப் பச்சை அட்டை கண்ணில் ஆடுகிறது. அதன் ஓரம் கிழிந்திருந்ததுகூட எனக்குத் தெரியும்.

அன்று அந்தக் கேள்வியைக் கேட்ட கையோடு அவள் படிவத்தை ஒதுக்கிவிட்டு, மஞ்சள் சீட்டைத் திருப்பிப் போட்டு இன்னொரு நூலின் பெயரை எழுதினாள். மாணவர்கள் உள்ளே வரக்கூடாது என்று எழுதியிருந்த கவுண்டரின் மடக்குப் பலகையைத் தானே தூக்கித் திறந்து, அடுக்குகளுக்குள் எனக்கு முன்னால் நடந்தாள்.