சத்தத்தைக் குறைத்தது யார்?

டிவி ரிப்பேருக்கு வருகிறவனை யாரும் நம்பி உள்ளே விடுவதில்லை. நல்ல பாகத்தைக் கழற்றிக்கொண்டு போய்விடுவானோ என்று பக்கத்திலேயே ஒரு ஆளை நிற்க வைத்துத்தான் விடுவார்கள். வாட்டர் பில்டர், வாஷிங் மெஷின், இன்வெர்ட்டர் என்று வீடு வீடாக ஏறி இறங்குகிற நண்பர்களே, உங்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

தர்மபுரியில் ஒரு கடைக்காக டிவி மாட்டுவதும் பழுது பார்ப்பதும் என் வேலை. இப்போது வருகிற டிவிகளில் ஒரு வசதி இருக்கிறது. போனை டிவியோடு இணைத்துவிட்டால், அழைப்போ மெசேஜோ வரும்போது டிவி தன் சத்தத்தைத் தானே குறைத்துக்கொள்ளும். போன் அடிப்பது நம் காதில் விழ வேண்டும் என்பதற்காக. முடிந்ததும் பழையபடி ஏறிவிடும். நல்ல வசதிதான். ஆனால் அது வந்த பிறகு எனக்கு வருகிற புகார்களில் பாதி, டிவியைப் பற்றியதே இல்லை.

அரிசி டிரம்முக்குள் ரிமோட்

பாலக்கோட்டில் ஒரு கூட்டுக் குடும்பம். ஆண்கள் தக்காளி மண்டிக்குப் போய்விடுவார்கள். வீட்டில் ஓரகத்திகள் இரண்டு பேர், ஹாலில் ஒரே டிவி. சீரியலில் முக்கியமான இடத்தில் சத்தம் இறங்கிவிடுகிறது. இளையவள்தான் சமையலறையிலிருந்து ரிமோட்டை அமுக்குகிறாள் என்று மூத்தவர் ரிமோட்டை அரிசி டிரம்முக்குள் போட்டு மூடிவிட்டார். அப்போதும் இறங்கியது. அவளிடம் இன்னொரு ரிமோட் இருக்கிறது என்று முடிவு கட்டி, பீரோவைத் திறந்து காட்டச் சொல்லியிருக்கிறார். இளையவர் துணிப்பையோடு அம்மா வீட்டுக்குக் கிளம்பி வாசலில் நின்றபோதுதான் என்னைக் கூப்பிட்டார்கள்.

பார்த்தால், மூத்தவருடைய போன்தான் டிவியோடு இணைந்திருந்தது. குடும்ப குரூப்பில் யாராவது காலை வணக்கம் அனுப்பினால்கூட டிவி அடங்கிவிடும். அவர் கண் முன்னாலேயே ஒரு மெசேஜ் அனுப்பிக் காட்டிவிட்டு இணைப்பை நீக்கினேன். இளையவர் பையைக் கீழே வைத்தார். மூத்தவர் ரிமோட்டில் ஒட்டியிருந்த அரிசியைத் தட்டிவிட்டுக் கேட்டார்: "இதுவரைக்கும் அவ ஒரு தடவகூட குறைக்கலன்னு உங்களால எழுதிக் குடுக்க முடியுமாங்க?"

மணி அடிக்காத போன்

அரூர் பக்கம் ஒரு தையல்கார அம்மா டிவியில் கோளாறு என்று கூப்பிட்டார். போனதும் வேன் ஓட்டுகிற வீட்டுக்காரரைப் பால் வாங்க அனுப்பிவிட்டு, தணிந்த குரலில் பேசினார். சாயங்காலமானால் டிவி சத்தம் தானாகக் குறைகிறது. எந்தப் போனும் அடிப்பதில்லை. ஆனால் உடனே வீட்டுக்காரர் எழுந்து கொல்லைப்பக்கம் போய்விடுகிறார். "எதனால குறையுதுன்னு மட்டும் சொல்லுங்க."

வசமாக மாட்டிக்கொண்டேன். போனைச் சைலன்டில் வைத்தாலும் டிவிக்குத் தெரிந்துவிடும் என்ற உண்மையைச் சொன்னேன். பாலோடு வந்தவரிடம் அந்த அம்மா நேராகவே கேட்டார்: "தினமும் யாருங்க கூப்பிடறது?" அவர் என்னை முறைத்துவிட்டுப் போனை நீட்டினார். மாத்திரை போடச் சொல்லி வருகிற அறிவிப்பு. ஒரு மருத்துவ முகாமில் சர்க்கரை என்று சொல்லியிருக்கிறார்கள். "உங்கப்பனுக்குக் கால் எடுத்ததப் பாத்தவ நீ. எப்படிச் சொல்றது?" என்றார். அந்த அம்மா போனைத் திரும்பத் திரும்பப் படித்தார். முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். நான் இணைப்பை எடுக்கப் போனபோது கையைக் காட்டித் தடுத்தார்: "அத எடுக்காதீங்க. இன்னும் என்னென்ன மறைக்கறாருன்னு தெரியட்டும்."

பாயின் கேள்வி

தர்மபுரி டவுனில் பெயிண்ட் கடை வைத்திருக்கும் பாய் ஒருவருக்கு இதே வசதி வேண்டும். ஆனால் போனை என் கையில் தர மாட்டார். நான் சொல்லச் சொல்ல அவரே அமுக்கினார், திரையை உள்ளங்கையால் மறைத்துக்கொண்டு. நடுவில், போனில் இருக்கும் நம்பர்களைப் பார்க்க டிவி அனுமதி கேட்டது. "டிவிக்கு எதுக்குங்க என் சொந்தக்காரங்க நம்பரெல்லாம்?" என்றார். கம்பெனி கேக்குது பாய் என்றேன். உங்க வூட்டு டிவிக்குக் குடுத்திருக்கீங்களா என்றார். இல்லை என்று தலையாட்டினேன். போனைச் சட்டைப்பைக்குள் போட்டுக்கொண்டு சொன்னார்: "அப்ப நீங்களே நம்பல."

சுவருக்கு அந்தப் பக்கம்

பென்னாகரம் போகிற வழியில் ஒரு கிராமம். மாதேஷ் என்பவரும் அவர் அண்ணனும் பாகம் பிரித்து, வீட்டுக்கு நடுவே சுவர் எழுப்பி, பேச்சையும் நிறுத்திவிட்டவர்கள். மாதேஷின் டிவி காரணமே இல்லாமல் அடங்கியது. அண்ணன் வைத்த செய்வினை என்று டிவி ஸ்டாண்டில் எலுமிச்சம்பழம் கட்டியிருந்தார். நான் பார்த்தபோது பழைய இணைப்பு ஒன்று அழியாமல் இருந்தது. ஒன்றாக இருந்த காலத்தில் சேர்த்த அண்ணனின் போன். சுவரைத் தாண்டியும் அது எட்டியது. எடுத்துவிடட்டுமா என்றேன். "இருக்கட்டுங்க. நிலத்தை விக்கறதுக்கு புரோக்கர் பேசறானான்னு எனக்குத் தெரியணும்" என்றார்.

பிறகு ஒரு மத்தியானம் டிவி அடங்கியது, ஏறியது, மறுபடி அடங்கியது. புரோக்கர் விட மாட்டேன் என்கிறானே என்று முதலில் கறுவிக்கொண்டிருந்திருக்கிறார். அண்ணன் வண்டி வாசலில் நிற்கிறது, போனும் விடாமல் அடிக்கிறது, டிவி ஏறி ஏறி அடங்குவதைப் பார்த்தால் எடுக்கத்தான் ஆளில்லை. அது உறைத்ததும் சுவரேறிக் குதித்தார். தண்ணீர்த் தொட்டியோரம் வழுக்கி விழுந்து, தொடை எலும்பு முறிந்து, குரல்கூட எழும்பாமல் கிடந்தார் அண்ணன். போனில் விடாமல் கூப்பிட்டது ஓசூரில் இருக்கிற மகள். மாதேஷ்தான் ஆட்டோவில் தூக்கிப் போட்டுக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடினார்.

அண்ணன் வீடு திரும்பியதும், கட்டிலில் படுத்தபடி பார்க்க வசதியாக அவர் டிவியைத் தாழ்வாக மாட்டச் சொல்லி என்னை அழைத்ததும் மாதேஷ்தான். அவர் டீ வாங்கப் போன நேரம், அண்ணன் என்னைக் கிட்டே கூப்பிட்டார்: "அவன் தூக்கிட்டுப் போனது சரிங்க. எனக்குப் போன் வர்றது அவனுக்கு எப்படித் தெரியும், அத மொதல்ல சொல்லுங்க."

எங்கள் தொழிலில் கோளாறைக் கண்டுபிடித்துச் சொல்லிவிடலாம், ஆனால் அது வெறும் கோளாறுதான் என்று மட்டும் யாரையும் நம்ப வைக்க முடியாது.