தொட்ட ராணி

நல்லூர் மண்டபத்தின் பின்னறையில் இருந்தவர்கள் நடுவர், நீலச் சட்டைக்காரர், கண்ணாடிக்காரர், தேநீர் கொண்டுபோன நான். சதுரங்க இறுதியாட்டம். வெல்பவருக்கு மாவட்டப் பட்டம்.

கண்ணாடிக்காரர் தான் வெட்டும் காய்களை சட்டைப்பை லேஞ்சியால் துடைத்து வைப்பார்.

நீலச் சட்டைக்காரர் தன் ராணியைத் தொட்டார். அதை நகர்த்தினால் தோல்வி. உடனே கையை இழுத்துக் குதிரையை நகர்த்தினார்.

“சேர், தொட்ட காயைத்தானே ஆடோணும்?” என்றார் கண்ணாடிக்காரர்.

நடுவர் பலகையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். “நான் காணேல்லை” என்றார்.

“அண்ணை தோக்கப்போறார், அதுதான் கதை விடுறார்” என்று நீலச் சட்டைக்காரர் சிரித்தார்.

“நான் கண்டனான்” என்றேன்.

“நீர் தேத்தண்ணியைப் பாரும்” என்றார் நடுவர்.

கண்ணாடிக்காரர் தோற்றார். எதிரிக்குக் கை கொடுத்தார். அந்த ராணியையும் துடைத்துப் பெட்டியில் வைத்தார். அவரால் எப்படி முடிந்தது என்று எனக்கு விளங்கவில்லை. எனக்கு இன்னும் மனம் ஆறவில்லை.

அந்த அறையில் அதைக் கண்டவர்கள் நான்கு பேர்.