அக்கா வைத்த நேர்த்தி

மார்பில் இருப்பது புற்றுநோய்க் கட்டிதான் என்று தெரிந்த கிழமையே அக்கா ஹெவ்லொக் டவுனிலிருந்து உடுப்புப் பெட்டியோடு வெள்ளவத்தையில் எங்கள் வீட்டுக்கு வந்து இறங்கிவிட்டாள். வந்தவள் முதல் வேலையாக என் மீன் சட்டிகளைத் தூக்கிப் பல்கனியில் கவிழ்த்தாள். எனக்கு ஊசியெல்லாம் ஏற்றி முடியும்வரைக்கும் இந்த வீட்டு அடுப்பிலும் தன் வாயிலும் மீன், முட்டை என்று ஒரு மச்சமும் படாது என்று முருகனுக்கு நேர்த்தி வைத்துவிட்டாளாம். வருத்தம் எனக்கு, வயிறு எனக்கு, நேர்த்தி மட்டும் அவளுக்கு. என்னை ஒரு வார்த்தை கேட்டாளா?

எனக்குச் சாமி நம்பிக்கை இல்லாமலில்லை. மருந்து சொட்டுச் சொட்டாக உடம்பில் இறங்கும்போது பிள்ளையாரைத்தான் கூப்பிடுகிறேன். வந்து போகிறவர்களின் பக்தியைத்தான் தாங்க முடியவில்லை. பக்கத்து ஃபிளாட்காரி செவ்வாய்க்கிழமை கொட்டாஞ்சேனைத் தேவாலயத்துக்குப் போய் மெழுகுதிரி கொளுத்தி, அங்கிருந்து கொண்டுவந்த எண்ணெயை என் தலையில் தேய்த்தாள். மயிர் கொட்டிப்போன மண்டையில் அது வழிந்து கண்ணுக்குள் போனது.

"எரிஞ்சா நல்லது" என்றாள். என்ன நல்லதோ!

என் கணவருக்குப் புறக்கோட்டையில் வேலை. அவரும் நேர்த்திக்குத் தலையாட்டியவர்தான். மத்தியானம் அங்கே சாப்பாட்டுக் கடையில் மீன் பொரியலோடு வெளுத்துக்கட்டிவிட்டு, வாயில் இஞ்சி ரொஃபியோடு வீட்டுக்கு வருவார். மருந்து ஏற்றத் தொடங்கியதிலிருந்து என் மூக்கு பொல்லாத மூக்கு.

"இண்டைக்குப் பாரையோ?" என்று வாசலிலேயே கேட்பேன்.

"உஷ்! அக்காவுக்குக் கேக்கப்போகுது."

எனக்கோ பருப்பு மணம் பட்டாலே ஓங்காளம். ஒரு முட்டை அவித்துத் தாருங்கள் என்று அக்காவிடம் கெஞ்சிப் பார்த்தேன். "இன்னும் கொஞ்ச நாள்தானேயடி, பல்லைக் கடிச்சுக்கொண்டிரு" என்று கீரைக் கறியை நீட்டினாள். சண்டை பிடிக்க உடம்பில் தெம்பில்லை. சாப்பிடாமலே படுத்துக்கொண்டேன்.

நாலாவது ஊசிக்குப் போன அன்று டொக்டர் என் நிறையையும் இரத்த ரிப்போர்ட்டையும் பார்த்துவிட்டு முகத்தைச் சுளித்தார். இரத்தம் காணாது, ஆளும் மெலிந்துவிட்டீர்கள், இன்றைக்கு மருந்து ஏற்ற மாட்டேன் என்றார். முட்டை, மீன் எதுவென்றாலும் சாப்பிட்டுத் தேறி அடுத்த கிழமை வாருங்கள், இப்படியே தள்ளிக்கொண்டு போனால் கட்டிக்குத்தான் வசதி என்றார். அக்கா பக்கத்துக் கதிரையில்தான் இருந்தாள்.

திரும்பி வரும்போது ஆட்டோவில் வெடித்துவிட்டேன். "நான் செத்தாப்பிறகு எல்லாருமாச் சேந்து காவடி எடுங்கோ!" காலி வீதி முழுக்கக் கேட்டிருக்கும். அக்கா சீலைத் தலைப்பால் கண்ணைத் துடைத்தாள். பாவம் என்றே தோன்றவில்லை. எனக்கு அவ்வளவு ஆத்திரம்.

மறுநாள் காலை மீன் சொதி மணத்துக்குத்தான் விழித்தேன். கணவர் வேலைக்குப் போய்விட்டிருந்தார். அக்கா தானே சந்தைக்குப் போய் விளைமீன் வாங்கி வந்து காய்ச்சிக்கொண்டிருந்தாள்.

"உப்புக் காணுமோ எண்டு பாரடி" என்று அகப்பையை நீட்டினாள்.

"மருந்து ஏத்தினதிலயிருந்து என்ர வாய்க்கு உப்பும் ஒண்டு, தகரமும் ஒண்டு. என்னைக் கேட்டு என்ன செய்ய?"

அவள் உள்ளங்கையில் கொஞ்சம் சொதியை விட்டாள். சற்று நேரம் அதையே பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு நக்கினாள்.

எனக்குத் திக்கென்றது. "என்ன வேலை அக்கா இது? வீட்டில காய்ச்சினது போதாதே? நீங்கள் ஏன் வாயில வைச்சனீங்கள்?"

"உனக்கு உப்பில்லாச் சொதியே தாறது?" இன்னும் கொஞ்சம் உப்புப் போட்டுத் துழாவினாள். "விடியவே சாமிப் படத்துக்கு முன்னால நிண்டு சொல்லிப்போட்டன். குற்றமெண்டா எனக்குச் செய், அவளில கை வைச்சிடாதை எண்டு."

கோப்பையை வாங்கிக் குடித்தேன். ஒரு ருசியும் தெரியவில்லை.

"இன்னும் கொஞ்சம் விடுங்கோ" என்றேன்.